உப்புக்குப் பயந்தவர்

டக். டக். டக். தாம்பரம் ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் ஏறும்போது வேதசிரோமணி வீட்டுச் சாவியால் கைப்பிடிக் கம்பியைத் தட்டிக்கொண்டே வருவார். பின்னால் வருகிறவர்கள் முதுகில் இடிப்பார்கள். "யோவ், வழிய வுடுய்யா" என்பார்கள். அவருக்குக் கேட்காது. காது முழுக்கக் கம்பியில் இருக்கும். ஓசை கணீரென்று வந்தால் அடுத்த படி. அமுங்கி வந்தால் அங்கேயே நின்று பெயின்டை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். "மேல பளபளன்னுதான் இருக்கு சார். உள்ள தின்னுக்கிட்டிருக்கு" என்று என் காதோடு சொல்வார். பிறகு செங்கல்பட்டு வண்டிக்காக எதிரே ஓடி வருகிற கூட்டத்தைப் பார்ப்பார். முகம் வெளிறிவிடும். எனக்கு வண்டி போய்விடுமே என்ற கவலை. அவருக்குப் பாலம் போய்விடுமே என்ற கவலை.

செம்பாக்கத்தில் ஏரிப் பக்கம் போகிற தெருவில் நாங்கள் இருவரும் ஒரே குடியிருப்பு. நான் முதல் மாடி, அவர் அதற்கு மேல். காலையில் ஒரே ஷேர் ஆட்டோவில் தாம்பரம் வந்து, பாலம் ஏறி இறங்கி, மின்சார ரயிலில் பல்லாவரம் வரை சேர்ந்து போவோம். அங்கே இறங்கி அவர் பம்மலுக்கு ஆட்டோ பிடிப்பார். ஐம்பதைத் தாண்டிய ஒல்லி மனிதர். கசங்காத அரைக்கைச் சட்டை. பையில் எப்போதும் இரண்டு கைக்குட்டைகள், ஒன்று முகத்துக்கு, இன்னொன்று கைக்கு. கைக்கு உள்ளதைக்கொண்டு முகத்தைத் துடைக்க மாட்டார், அது ஈரமாகிவிடும். விளம்பரப் பலகை, சன்ஷேடு, கிரேன், தென்னை மரம் எதன் அடியிலும் நிற்க மாட்டார். மழை கொட்டும்போதுகூடக் கடைவாசல் தகரக் கூரைக்கு வெளியேதான் குடையோடு நிற்பார். "தகரத்துக்கு அடிச்ச ஆணி எந்த வருஷத்து ஆணின்னு நமக்குத் தெரியுமா சார்?" என்று என்னையும் வெளியே இழுப்பார். அவரோடு பழகிய பாவத்துக்கு நானும் பலமுறை நனைந்திருக்கிறேன்.

அவர் மனைவி ஜான்சி பள்ளிக்கூட ஆசிரியை, வாய்விட்டுச் சிரிக்கிறவர். கணவரைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும். "எண்ணெய்ச் சட்டி அடுப்புல இருந்தா நான் குழாயக்கூடத் தொறக்கக் கூடாதுங்க. நாலு அப்பளம் பொரிக்கிறதுக்குள்ள கரண்டிய நாப்பது வாட்டி தொடைப்பாரு. சாயங்கால ஜெபத்துல பொண்ணு பேருக்கு அடுத்தது எங்க வீட்டு கேஸ் ட்யூப் பேருதான் வரும்" என்பார். வேதசிரோமணி மறுக்க மாட்டார். "அது வெடிப்பு விட்டிருந்தா?" என்று மட்டும் கேட்பார்.

இப்படிப்பட்ட மனிதர் எந்த வேலைக்குப் போயிருக்கக் கூடாதோ, சரியாக அந்த வேலையில்தான் இருக்கிறார். பம்மலில் முன்பு தோல் பதனிட்ட கொட்டகை ஒன்றில் சக்திவேல் என்பவர் சின்னதாக ஒரு தொழிற்கூடம் நடத்துகிறார். கூரை மேல் வரிசையாகக் கண்ணாடிகள். அவை வெயிலை ஒரு குழாயின் மேல் குவிக்கும். குழாய்க்குள் ஓடப்போவது உருகிய உப்பு. சோற்றில் போடுகிற உப்பு இல்லை, வெடியுப்பு இனம். நன்றாகச் சூடேற்றினால் உருகித் தண்ணீராக ஓடும். பகலெல்லாம் வாங்கிய சூட்டைத் தொட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்து, பொழுது சாய்ந்த பிறகும் நீராவி கொடுக்கும். பக்கத்துச் சலவைக்கூடத்துக்கு அந்த நீராவியை அனுப்புவதுதான் திட்டம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த உப்புக்கு நன்றி கிடையாது. தங்க இடம் கொடுத்த இரும்பையே உள்ளிருந்து அரித்துத் தின்னும். அப்படித் தின்னவிடாமல் காப்பதுதான் வேதசிரோமணியின் உத்தியோகம்.

ஒருமுறை என்னை அழைத்துப் போய்க் காட்டினார். உலை இருக்கும் அறைக்குள் நுழையும் முன், தன் கைக்குட்டையால் என் நெற்றி வியர்வையை அவரே துடைத்துவிட்டார். "ஒரு சொட்டு உள்ள விழுந்தாப் போதும் சார். தண்ணி அப்பிடியே ஆவியாகும். உப்ப வாரி மூஞ்சில அடிச்சிரும்" என்றார். அவருடைய இடது மணிக்கட்டில் கடுகு தெறித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றன. வேறெங்கோ வேலை பார்த்தபோது வாங்கியவையாம். உலைக்குள் எட்டிப் பார்த்தேன். இளமஞ்சளாக, தெளிவாக, அசையாமல் ஏதோ பழச்சாறு கிடப்பதுபோல் கிடந்தது. புகைகூட இல்லை. அதுதான் என்னை மிகவும் பயமுறுத்தியது.

உப்பில் பல வாரம் தொங்கவிட்டு எடுத்த எஃகுத் தகடுகளை மேஜைமேல் பரப்பினார். காப்புப் பூச்சு இல்லாத தகடு கறுத்துச் செதில் செதிலாக உரிந்து கையோடு வந்தது. பூசிய தகடு சாம்பல் நிறத்தில் முழுசாக இருந்தது. "இது பெயின்ட் இல்ல சார், தோலு. அலுமினியத்த சூட்டுல எஃகுக்குள்ளயே ஊற வெக்கிறோம். உப்பு வந்து தொட்டா, மேல மெல்லிசா ஒரு ஏடு கட்டிக்கும். அதுக்கப்புறம் உப்ப உள்ள விடாது." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. "இதுவரைக்கும் விடல" என்று குரலைத் தாழ்த்தித் திருத்திக்கொண்டார்.

படுக்கவைத்த பீப்பாய் மாதிரியான தொட்டியை இரண்டு பாதியாகச் செய்து, பூச்சு ஏற்றி, பிறகு ஒன்றோடொன்று வெல்டிங் செய்திருந்தார்கள். வெல்டிங் சூட்டில் அந்த இடத்துத் தோல் வெந்துபோயிற்று. அங்கே மட்டும் கையால் பூசிச் சூடேற்றினார்கள். ஆக, இடுப்புக்குப் பட்டை கட்டிய மாதிரி தொட்டியைச் சுற்றி ஓடுகிற அந்த ஒரு கோடுதான் வேதசிரோமணியின் தூக்கத்தைக் கெடுத்தது. கெடுக்கக் காரணமும் உண்டு. தொட்டிக்கு மேலே ஒரு சின்ன மேடை. உப்பு உள்ளே இறங்கும்போது ஒருவர் அங்கே நின்று மட்டத்தைக் கவனிக்க வேண்டும். ஏறி இறங்க ஒரே ஏணி, அதுவும் அந்தக் கோட்டை ஒட்டியே போகிறது. கோடு விட்டுக்கொடுத்தால் மேலே இருப்பவருக்கு இறங்க வழி கிடையாது. மேலே நிற்கப்போவது ஷர்மிளா, அவருடைய ஒரே மகள்.

அப்பாவுக்கு நேர் எதிர் அவள். பொறியியல் முடித்துவிட்டு அதே கூடத்தில் சேர்ந்து, தொட்டியை இயக்கும் பொறுப்பை வாங்கிக்கொண்டாள். ஏணியில் கைப்பிடியைத் தொடாமல் ஓடி ஏறுவாள். "அப்பா பயப்படுறதையெல்லாம் கணக்குல எடுத்தா, நாம வீட்டுல கட்டில் மேலதான் உக்காந்திருக்கணும் அங்கிள். கட்டிலையும் தட்டிப் பாத்துட்டுதான்" என்று என்னிடம் சிரித்தாள். கூடத்திலும் அவர் பேச்சுக்கு மதிப்பு குறைந்துகொண்டே வந்தது. ஏணி ஆடுகிறது என்றார், ஆடவில்லை. வால்வு கசியும் என்றார், கசியவில்லை. அவர் பயந்து பயந்து முன்கூட்டியே இறுக்கிவைத்ததால்தான் கசியவில்லையோ என்னவோ, அதை யார் கண்டார்கள்?

முதன்முதலாகத் தொட்டியில் உப்பு இறக்க ஒரு திங்கட்கிழமை குறித்திருந்தார்கள். வெளியூரிலிருந்து பார்வையாளர்களும் வருவதாக இருந்தது. "நீங்களும் வாங்க அங்கிள், நீங்கதான் பத்திரிகைக்கு எழுதுறீங்களே, இதையும் எழுதலாம்" என்று ஷர்மிளா கூப்பிட்டாள். விடுமுறை போட்டுவிட்டுக் காலையிலேயே போய்விட்டேன். முற்றத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தோம். டீ போட்டுக் கொடுத்தவர் கங்கம்மா. அந்தக் கொட்டகை தோல் கொட்டகையாக இருந்த நாளிலிருந்து அங்கே வேலை செய்கிறவர்.

"குடி சார், கேன் தண்ணிதான்" என்றார் என்னிடம். "இங்க கீற போர் தண்ணில டீ போட்டா பால் திரிஞ்சிக்கும். தோலுக்குப் போட்ட உப்பெல்லாம் இன்னும் பூமிக்குள்ளதான கீது? வெள்ளிக்கெழம அந்தத் தண்ணிய பூரா எறைச்சி இந்தத் தொட்டில ரொப்பினாங்கோ. மோட்டாரே கொதிச்சிப் போச்சி."

வேதசிரோமணியின் டம்ளர் வாய்க்குப் போகிற வழியில் நின்றது. அதை அப்படியே தரையில் வைத்தார். ஏணிக்குப் போனார். படிக்குப் படி தட்டுகிற மனிதர், அன்று ஒரு படியைக்கூடத் தட்டாமல் ஏறினார். மாடிப்படியிலேயே அவருக்குத் தலை சுற்றும், எனக்குத் தெரியும். மேலே போய், ஆள் இறங்கும் வாய்க்குள் தோள்வரை கையை விட்டு, உள்சுவரில் விரலால் தேய்த்தார். விரலை நாக்கில் வைத்தார்.

"கரிக்குது" என்றார்.

நடந்தது இதுதான். தொட்டி ஒழுகுகிறதா என்று பார்க்க அதில் தண்ணீர் நிரப்புவது வழக்கம். அதற்கென்று சுத்திகரித்த தண்ணீர் லாரியில் வரும். ஒருமுறை நிரப்பிப் பார்த்து, ஒழுகவில்லை என்று தெரிந்தாயிற்று. ஆனால் வேதசிரோமணிக்கு மனசு ஆறவில்லை. மகள் ஏறப்போகிற தொட்டி. இன்னொரு முறை பார்த்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். வெள்ளிக்கிழமை ஏதோ கருவியைப் பழுதுபார்க்கக் கிண்டிக்குப் போனவர், அங்கிருந்து வெல்டர் கோபுவுக்குப் போன் மேல் போன் போட்டிருக்கிறார்.

"நீதான சார் 'ரொப்பியாச்சா, ரொப்பியாச்சா'ன்னு பேஜார் பண்ணிகினு இருந்த?" என்றான் கோபு. அவன் கண்ணிலும் கலவரம். "லாரி வர்ல. நீ பயந்துகினு இருக்கியேன்னு போர்ல இருந்து வுட்டேன். ஒரு சொட்டு ஒழுகல சார். அப்பால தொறந்து வுட்டுட்டு, சனிக்கெழம ஹீட்டர் போட்டுக் காய வச்சேன். தண்ணிதான சார், அதுல இன்னா?"

அதில்தான் எல்லாம் இருந்தது. தண்ணீர் ஆவியாகிவிட்டது, அதிலிருந்த சோற்றுப்பு தொட்டிச் சுவரில் தங்கிவிட்டது. சூடு பட்ட எஃகில், அதுவும் வெல்டிங்கில் இழுபட்டு நிற்கிற இடத்தில், அந்த உப்பு கண்ணுக்குத் தெரியாத வெடிப்பை உண்டாக்குமாம். வெடியுப்போடு கலந்தால் அரிப்பு இன்னும் வேகமெடுக்குமாம். பெரிய உப்புக்கு அவ்வளவு காவல் போட்டவர் சின்ன உப்பைக் கோட்டை விட்டுவிட்டார். அதையும் வேறு யாரும் செய்யவில்லை. அவருடைய பயமே போன் போட்டு வரவழைத்திருக்கிறது. "நான்தான். நான்தான் இன்னொரு வாட்டி பாக்கணும்னேன்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஏணியிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கினார்.

சக்திவேல் நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கும் அலுத்துப் போயிருந்தது. "வேதா சார், போன வாரம் ஏணி, அதுக்கு முன்னாடி வால்வு. இன்னிக்குத் தண்ணியா? வர்றவங்க ஏர்போர்ட்டுல எறங்கிட்டாங்க சார்" என்றார். வேதசிரோமணி கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்தார். முதலாளியிடம் எதிர்த்துப் பேசவும் அவருக்குப் பயம்.

ஷர்மிளாதான் ஒரு காரியம் செய்தாள். தொட்டிச் சுவரைக் கொஞ்சம் சுத்தமான தண்ணீரால் கழுவி, அதைச் சோதனைக் குழாயில் பிடித்து வந்தாள். சோற்றுப்பு இருந்தால் காட்டிக்கொடுக்கிற மருந்தில் ஒரு சொட்டு விட்டாள். தண்ணீர் பால்போல் வெளுத்தது. சக்திவேல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெளியே போய்ப் போன் பேசி, பார்வையாளர்களை மறுநாள் வரச் சொன்னார்.

அன்று முழுக்க லாரித் தண்ணீரால் கழுவினார்கள். ஒவ்வொரு தடவையும் மருந்து விட்டுப் பார்த்தாள் ஷர்மிளா. வெளுப்பு குறைந்து குறைந்து, கடைசியில் தண்ணீர் தண்ணீராகவே நின்றது. உப்பு போய்விட்டது. ஆனால் போவதற்குமுன் வெடிப்பு எதையாவது வைத்துவிட்டுப் போயிருக்குமா? அதைப் பார்க்க ஒரு வழி உண்டு. சிவப்புச் சாயத்தைத் தடவி, ஊறவிட்டு, துடைத்து, மேலே வெள்ளை மாவுப் பூச்சு அடிப்பார்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே போன சாயம் மாவில் சிவப்புக் கோடாகக் கசிந்து வரும். அதற்கு ஒருவர் தொட்டிக்குள் இறங்க வேண்டும். ஷர்மிளா கையுறையை மாட்டினாள். வேதசிரோமணி அதைக் கழற்றித் தன் கையில் மாட்டிக்கொண்டார்.

இடுப்பில் கயிறு கட்டி, உள்ளே காற்றுக் குழாய் விட்டு அவரை இறக்கினார்கள். கோபு மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு உள்ளேயிருந்து டக், டக், டக். சாவியை எடுத்துக்கொண்டுதான் இறங்கியிருக்கிறார். அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் எத்தனையோ நாள் எரிச்சல்பட்டிருக்கிறேன். அன்று அது நின்றுவிடக் கூடாதே என்று இருந்தது. நின்றுவிட்டது. மாவு அடித்துவிட்டுக் காத்திருக்கிறார் என்று ஷர்மிளா சொன்னாள். அவள் சிரிக்கவில்லை. கங்கம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

"செவப்பு எங்கியாச்சும் எட்டிப் பாக்குதா சார்?" என்று கோபு உள்ளே குனிந்து கேட்டான். மறுபடி கேட்டான். "இருப்பா" என்று மட்டும் குரல் வந்தது.

வெளியே வந்தபோது சட்டையெல்லாம் மாவு, கையுறையையும் மீறிக் கையெல்லாம் சிவப்பு. "ஒண்ணும் தெரியல" என்றார்.

"அப்ப ஒண்ணும் இல்லன்னுதான சார் அர்த்தம்?" என்றார் சக்திவேல்.

"தெரியலன்னா, எனக்குத் தெரியலன்னுதான் அர்த்தம் சார். மேல வாய் தொறந்த வெடிப்பத்தான் சாயம் காட்டும். உள்ள இருந்தா..." செய்யக்கூடியதை எல்லாம் செய்தாயிற்று. அதற்குமேல் மிச்சமிருந்தது அவருடைய பயம் ஒன்றுதான். பயத்துக்காக ஒரு தொட்டியை எத்தனை நாள் காலியாக வைத்திருக்க முடியும்?

சாயத்தையும் மாவையும் துடைத்தெடுத்து, இரவு முழுக்க ஹீட்டர் போட்டுத் தொட்டியை உலர்த்தினார்கள். மறுநாள் காலை நான் போனபோது அப்பாவும் மகளும் ஏணியடியில் நின்றிருந்தார்கள். அவர் குரல் கெஞ்சலாக இருந்தது.

"பாப்பா, இன்னிக்கு ஒரு நாள் வேற யாராவது ஏறட்டும். கோபு ஏறட்டும்."

"கோபு அண்ணனுக்கு ரெண்டு பிள்ளைங்கப்பா. அவர் ஏறினா உங்களுக்குப் பரவாயில்லையா?"

அவர் தலை குனிந்துகொண்டார். "அப்ப நான் ஏறுறேன்" என்றார் மெல்ல.

"மட்டம் பாக்கவும் வால்வு மூடவும் எனக்குத்தான் தெரியும். இது என் வேலைப்பா. உங்க தோலு நல்ல தோலு. நான் அதை நம்பி ஏறுறேன்" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பினாள். அன்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினாள்.

பக்கத்துக் கொப்பரையில் உருகிய உப்பைக் குழாய் வழியாகத் தொட்டிக்குள் திறந்தார்கள். தொட்டி முனக ஆரம்பித்தது. சூடு ஏறும்போது எஃகு நீளும், அதனால் வருகிற சத்தம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சொல்லிக் கேட்பது வேறு, பக்கத்தில் நின்று கேட்பது வேறு. பார்வையாளர்கள் மஞ்சள் கோட்டுக்கு அப்பால் நின்றார்கள். நான் அவர்களுக்கும் பின்னால் போய், ஓடுவதற்கு வசதியாகக் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. சக்திவேல் அருகில் வந்து "வேதா சார் எங்கே?" என்று கேட்டார். அப்போதுதான் நானும் தேடினேன்.

சூடு வெளியே போகாமல் கண்ணாடிப் பஞ்சும் அதற்கு மேல் ஒரு வெளித்தகடும் சுற்றிய தொட்டி நான்கு இரும்புக் கால்களின்மேல் நிற்கிறது. எதன் அடியிலும் நிற்காத மனிதர் அந்தக் கால்களுக்கு நடுவே, தொட்டிக்கு அடியில் நின்றுகொண்டிருந்தார். தலைக்கு நேர் மேலே அந்தக் கோடு.

"அப்பா! அங்க நிக்காதீங்க, வெளிய போங்க!" என்று மேலிருந்து ஷர்மிளா கத்தினாள்.

"நீ எறங்குற வரைக்கும் இருக்கேம்மா. நீ மட்டத்தப் பாரு" என்றார் அவர்.

மறுபடி ஒரு முனகல் கேட்டது. வேதசிரோமணி பையிலிருந்து கைக்குரிய கைக்குட்டையை எடுத்தார். உள்ளங்கையை நிதானமாக, விரலிடுக்கு வரை துடைத்தார். சிவப்புச் சாயம் இன்னும் போகாத அந்தக் கையை உயர்த்தி, காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல, தொட்டியின் வெளித்தகட்டில் அந்தக் கோடு இருக்கும் இடத்தில் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.